மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து

அன்பு மகன் க்ளெனுக்கு அம்மா சரளா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை அந்த வார்த்தையை நீயும் ரக்ஷிதாவும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டாம். மருமகளுக்கு முதுகுவலி குறைந்ததா, அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. எட்மன்டனில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் காட்டினான், நீ அந்தப் பனியிலும் சைக்கிள் மிதிக்கிறேன் என்று கிளம்பினால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும், சொல்லத்தான் முடியும். காலையும் மாலையும் ஃபோனில் பேசுகிற அம்மா திடீரென்று காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று முழிப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்ன பேசுவது? மெசேஜ் அடித்தால் என் ஃபோனை எடுத்துப் படிக்கிறார். அதனால் அவரைப் பாடகர் குழுவோடு உட்கார வைத்துவிட்டு, சண்டே ஸ்கூல் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததும் இதே பெஞ்சில்தான். மெதுவாகவே படி, பாதியில் நிறுத்திவிட்டு என்னம்மா இது என்று கூப்பிடாதே, முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

விஷயம் மீட்டர் விஷயம்தான். உன் ஆபீஸ் ஷ்ரேயாஸ் கிறிஸ்துமஸுக்கு பெங்களூர் வருகிறான், அவன் பெட்டியில் அப்பாவுக்குப் புது ஜிபிஎஸ் மீட்டர் கொடுத்துவிடுகிறேன், வாங்கட்டுமா வேண்டாமா, தள்ளுபடி முடியப்போகிறது, சீக்கிரம் சொல்லு என்று நாளுக்கொரு மெசேஜ் போடுகிறாய். நீ கனடா போகுமுன் வாங்கிக் கொடுத்தாயே, ஹாண்டில்பாரில் மாட்டுகிற அந்தக் கறுப்பு வெள்ளை மீட்டர், அதற்கு வயதாகிவிட்டது, வெறும் கோடும் அம்பும்தான் காட்டுகிறது என்கிறாய். புதியதில் கலர் மேப் வரும், விரலால் தொட்டால் போதும், ஆள் விழுந்தால் அதுவே நமக்குத் தகவல் அனுப்பும், அப்பா எந்த ரோட்டில் போகிறார் என்று நீயும் நானும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஃபோனில் பார்க்கலாம் என்று ஒரு வீடியோவும் அனுப்பினாய், அதில் ஒரு வெள்ளைக்காரன் மலை மேல் ஏறி நின்று காரணமில்லாமல் சிரிக்கிறான். நல்ல மீட்டர்தான், நான் குறை சொல்லவில்லை. மாடி வீட்டு ப்ரஹ்லாதிடம் அதே மீட்டரை இரவல் வாங்கி அப்பாவை ஒரு நாள் ஓட்டச் சொல்லிப் பார்த்தோமே, அன்றைக்கு எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைத்துக்கொண்டுதான் நீ இவ்வளவு அவசரப்படுகிறாய். நன்றாக நடக்கவில்லை க்ளென். அதைச் சொல்லாமல் வாங்கு, வாங்காதே என்று உனக்கு எப்படிப் பதில் சொல்வேன், அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

உன் அப்பா கில்பர்ட்டை உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை, ஆனாலும் இதை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பொம்மசந்திரா ஃபாக்டரியில் இருந்த காலமெல்லாம் அவர் வேலை, அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பது. சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவார். தப்பாக அளந்தால் சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஒட்டிவிட்டால் மேனேஜரே வந்தாலும் அந்தக் கருவியைத் தொடக் கூடாது, ஒட்டினவரே உரிக்கவும் கூடாது, செகண்ட் இன்ஸ்பெக்டர் என்று இன்னொருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உரிக்கலாம், அப்படியொரு சட்டம். ரிடையர் ஆன அன்று கொடுத்த கைக்கடிகாரத்தை மேசையிலேயே மறந்துவிட்டு, பச்சை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக ஸ்டிக்கர் ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த மனிதர். நம் வீட்டில் சுவர்க் கடிகாரம், பிரஷர் பார்க்கிற மெஷின், என் சமையலறைத் தராசு எல்லாவற்றிலும் பச்சை. பத்தாவது பரீட்சைக்கு நீ கிளம்பின காலையில் உன் நெற்றியில் ஒன்றை ஒட்டி, ‘ஓகே, அனுப்பலாம்’ என்றார், நீ அதோடேயே பஸ் ஏறிவிட்டாய், எல்லோரும் சிரித்த பிறகுதான் தொட்டுப் பார்த்தாய். மெஷின் பொய் சொல்லாது சரளா, படிக்கிற ஆள்தான் தப்பாப் படிப்பான் என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார். உன் மீட்டரிலும் பச்சை ஒட்டித்தான் ஓட்டினார்.

டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது, பழகினது நிற்கும், புதிதாக எதுவும் தங்காது என்று சொன்ன பிறகும் நாம் சைக்கிளை நிறுத்தவில்லை. அது அவருக்குப் பழகினது, கால் தானாக மிதிக்கும், வழி மறந்தால் மீட்டரில் ‘தொடங்கிய இடத்துக்குத் திரும்பு’ என்று ஒன்று இருக்கிறது, அதை அமுக்கினால் அம்பு காட்டும், வீட்டு கேட்டில் ஸ்டார்ட் அமுக்கிவிட்டுப் போனால் வீட்டு கேட்டுக்கே கொண்டுவந்து விடும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். பல மாதம் அப்படித்தான் வந்தார், நானும் நிம்மதியாக இருந்தேன். ஹெண்ணூர் ரோடு பிடித்து, கொத்தனூர் தாண்டி, பாகலூர் ரோட்டில் கோவிந்தப்பா கடையில் ஒரு டீ, அப்புறம் திரும்பி வீடு. ஆகஸ்டில் ஒரு நாள் அப்பா லேட்டாக வந்தார் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குப் பழைய வேலைப் புத்தி வந்துவிட்டது. எந்தக் கருவியையும் புதிதாக அளக்கிறதுக்கு முன்னால் ஜீரோ பண்ண வேண்டும், இல்லையா, மீட்டரை ஜீரோ பண்ணிப் புதிதாக ஸ்டார்ட் அமுக்கிவிட்டார். வேலைக்காரன் செய்கிற சரியான வேலைதான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து மீட்டருக்கு வீடு எது? கோவிந்தப்பா டீக்கடை.

கொஞ்ச தூரம் போயிருக்கிறார், வழி குழம்பியிருக்கிறது, திரும்பு என்று அமுக்கியிருக்கிறார், அம்பு டீக்கடைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. கோவிந்தப்பா, சாருக்கு இன்று நம் டீ மேல் ஆசை போலிருக்கிறது என்று இன்னொரு டீ கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு மறுபடி கிளம்பி, மறுபடி அமுக்கி, மறுபடி அங்கேயே. வெயில் ஏறுகிற வரை இப்படியே. கடைசியில் இறங்கி நின்று கோவிந்தப்பாவிடம் சண்டைக்குப் போய்விட்டார், ‘நம்ம மனெ முந்தெ யாகெ அங்கடி ஹாகித்தீரா?’ என்று. எங்கள் வீட்டு வாசலில் ஏன் கடை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார், தெரிகிறதா? அப்போதுதான் அந்த மனிதருக்கு விளங்கியிருக்கிறது. அப்பாவிடமே என் நம்பரைக் கேட்டு வாங்கி, நம்பர் மட்டும் அப்பா தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார், எனக்கு ஃபோன் போட்டு, ‘சார் இல்லே இதாரம்மா’ என்றார். நான் ஆட்டோ பிடித்துப் போய் அழைத்து வந்தேன்.

அந்த ‘இல்லே’யை இங்கே சொல்லியாக வேண்டும். உப்புக் கதை உனக்குத் தெரியும், ரக்ஷிதாவுக்கும் சொல்லு, கன்னடத்துப் பிள்ளை, சிரிப்பாள். நான் அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் மூலைக் கடையில் உப்பு கேட்டேன், கடைக்காரர் ‘இல்லே இதே’ என்றார். கன்னடத்தில் அது இங்கேயே இருக்கிறது என்று அர்த்தம், நான் நம் ஊர்ப் பேச்சில் இல்லே என்றால் இல்லைதானே என்று வெறுங்கையோடு வந்து, உப்பில்லாத குழம்பை உன் அப்பாவுக்கு ஊற்றினேன். அதற்கப்புறம் எந்தச் சாமான் தேடினாலும் ‘இல்லே இதே சரளா’ என்று என்னைக் கிண்டல் பண்ணாமல் விட்டதில்லை. இத்தனை வருஷத்தில் நான் கன்னடத்தில் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன், தண்ணீர் டேங்கர் லாரிக்காரனைக் கேட்டுப் பார். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது, அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஆகஸ்டுக்கு அப்புறம் நான் சைக்கிளை நிறுத்தத்தான் பார்த்தேன். நேராகச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது, அதனால் தினமும் அவர் குளிக்கப் போகும்போது முன் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவேன். குளித்துவிட்டு வந்து, என்னா இது, வால்வு வீக்கா இருக்கு என்று பம்ப் அடிப்பார், அடித்து முடிப்பதற்குள் எதற்கு அடிக்கிறோம் என்பது மறந்துவிடும், சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். மறுநாள் மறுபடி பிடுங்குவேன். சிரிப்பு வருகிறதா உனக்கு? எனக்கும் முதலில் வந்தது. அப்புறம் ஒரு நாள் பம்ப் கையோடு உட்கார்ந்து, ‘சரளா, எனக்கு ஒரு டியூப் மாத்தக்கூடத் தெரியல பாரு’ என்று அழுதார். இவ்வளவு பெரிய மனிதரை நான் தினமும் ஏமாற்றி அழ வைக்கிறேனே என்று அன்றோடு விட்டுவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து நீ புது மீட்டர் பேச்சை எடுத்தாய். அதில் ஜீரோ பண்ணினாலும் வீடு மாறாது, மேப்பிலேயே வீட்டைக் குத்தி வைத்துவிடலாம், அப்பா இருக்கிற இடம் ஒரு புள்ளியாகத் தெரியும், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றாய். நான் உன் பக்கம்தான் இருந்தேன் க்ளென், அதை மறக்காதே. ப்ரஹ்லாதிடம் நானே மாடி ஏறிப் போய்த்தான் மீட்டரைக் கேட்டேன்.

ப்ரஹ்லாத் தங்கமான பிள்ளை. மீட்டரை மாட்டி, வீட்டைக் குத்தி, புள்ளி பார்க்கிற லிங்கை எனக்கும் உனக்கும் அனுப்பி, ‘ஆன்ட்டி, அங்கிள் எதையும் தொட வேண்டாம், சும்மா ஓட்டினா போதும்’ என்று சொல்லிவிட்டு மேலே போய் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தான். அப்பா கிளம்பினார். ஹெல்மெட்டுக்குள் என் நம்பரை ஒரு பச்சை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தேன், ஆகஸ்டில் பயந்து செய்தது. நான் அடுப்படியில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு புள்ளியைப் பார்த்தபடி பீன்ஸ் நறுக்கினேன். நீ அங்கே இரவுச் சாப்பாட்டில் இருந்தாய், புள்ளி ஹெண்ணூர் தாண்டினதும் கட்டைவிரலைக் காட்டி ஒரு படம் அனுப்பினாய். புள்ளி ஒழுங்காகப் போய் கோவிந்தப்பா கடையில் நின்றது. அப்பா டீ குடிக்கிறார் பாரு என்று நீ எழுதினாய், எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நறுக்குவதை நிறுத்திவிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அங்கே நடந்தது இது. டீக்கு நிறுத்தினதும் மீட்டர் திரையில் ஏதோ கேள்வி வந்திருக்கிறது, தொடரவா, முடிக்கவா, அழிக்கவா என்று. அப்பாவுக்கு எதைத் தொடுவது என்று தெரியவில்லை. பழையதாக இருந்தால் விரல் தானாகப் பட்டனுக்குப் போயிருக்கும், இதில் பட்டனே இல்லை, கண்ணாடிதான். அதுவும் அடுத்தவர் கருவி, அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. ஆகவே சைக்கிளை ஒழுங்காகப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, ப்ரஹ்லாதிடமே கேட்டுவிட்டு வரலாம் என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். கோவிந்தப்பா அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். உடனே எனக்கு ஃபோன் போட்டார், நல்ல மனுஷன், ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. ‘அம்மா, சார் இல்லா’ என்றார், அதற்குள் டிப்பர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, மிச்சம் கேட்கவில்லை. கன்னடத்தில் இல்லா என்றால் இல்லை, நம் பாஷையிலும் இல்லைதான், சின்னக் குழந்தைக்குத் தெரியும். ஆனால் என் கண் எதிரே புள்ளி அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறது. என் காதில் ‘இல்லே’ என்றுதான் விழுந்தது. சார் இங்கேயே இருக்கிறார் என்கிறார், போன தடவை மாதிரியே சொல்கிறார் என்று, ‘சரி சரி, டீ குடீலி, ஆமேலே களிசி’ என்று அதிகாரமாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். டீ குடிக்கட்டும், அப்புறம் அனுப்புங்கள் என்று. அவர் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார், நான் மிக்ஸி போட்டிருந்தேன்.

குழம்பு கொதித்து இறக்கிய பிறகும் புள்ளி நகரவில்லையே என்று நான் கூப்பிட்டபோதுதான் அந்த மனிதர் கத்தினார், சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது, சார் போய்விட்டார் என்று. ப்ரஹ்லாத் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்தான். கடையில் சைக்கிளை விட்டு, விலை உயர்ந்த சாமான் திருடு போய்விடுமே என்று மீட்டரை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாகலூர் ரோடு முழுக்கத் தேடிவிட்டு, போலீசுக்கு என்னை அழைத்துப் போக வீட்டுக்கு வந்தான். நான் வாசலில் ஃபோனைப் பார்த்தபடி நிற்கிறேன். புள்ளி நகர்கிறது. கொத்தனூர் வருகிறது, ஹெண்ணூர் வருகிறது, ஃப்ளைஓவர் வருகிறது. வந்துவிட்டார் வந்துவிட்டார் என்று நான் தெருவுக்கு ஓடுகிறேன். புள்ளி நம் கேட்டில் வந்து நின்றது, ஸ்கூட்டரிலிருந்து ப்ரஹ்லாத் மட்டும் இறங்கினான். அப்போது உன் மெசேஜ் வந்தது. அப்பா வீடு வந்துட்டார், இன்னைக்கு செம ஸ்பீடு, ரெக்கார்டு என்று மீட்டரே சொல்லுது, குட்நைட் அம்மா என்று எழுதியிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ பார்த்ததை நீ நம்பினாய், நான் பார்த்ததை நான் நம்பினேன். ஆனால் அந்த ஒரு நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை ஆண்டவர்தான் மன்னிக்க வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் வந்தது. பாகலூர் ரோட்டில் எந்த பஸ்ஸிலோ ஏறி அங்கே போய் இறங்கியிருக்கிறார். வழியில் அவர் நினைப்பில் ப்ரஹ்லாத் போய் ஃபாக்டரி வந்துவிட்டது போலிருக்கிறது, ஒவ்வொரு டிரைவரிடமும் பொம்மசந்திரா கம்பெனி பஸ் போய்விட்டதா, ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு லேட்டாகிவிட்டது என்று கேட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு, வெயிலில், அந்தக் கூட்டத்தில். ஒரு லேடி கண்டக்டர் அவரை உட்கார வைத்து ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுக்கும்போது என் நம்பரைப் பார்த்திருக்கிறார். நாங்கள் போனபோது பஸ் நேரம் குறிக்கிற ஆபீசர் ரூமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேன்ட் நனைந்து காய்ந்திருந்தது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், நீ வெறும் புள்ளியைப் பார்த்தவன், இதையும் தெரிந்துகொள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, ‘மேடம், ப்ரஹ்லாத் சார்கிட்ட சொல்லுங்க, அவர் மீட்டரை நான் தொடவே இல்ல’ என்றார். என்னை மேடம் என்றார் க்ளென். ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் சரளா என்றார்.

அன்று உனக்கு அப்பா தூங்குகிறார் என்று மட்டும் சொன்னேன், அது பொய்யில்லை. அடுத்த நாள் நல்ல தெளிவாக எழுந்தார். இந்த நோயில் அதுதான் கொடுமை, மேகம் விலகின மாதிரி சில நாள் முழு மனிதராகத் திரும்பி வந்து நிற்கிறார், என்ன நடந்தது என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. காபி குடித்துவிட்டு, ‘ரெண்டு மீட்டரையும் எடு, டெஸ்ட் பண்ணணும்’ என்றார். ப்ரஹ்லாதே சைக்கிளை ஆளை வைத்துக் கொண்டுவந்திருந்தான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நம் சந்தில் சர்ச் சுவரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை, எந்தக் காலத்திலோ டேப் வைத்து அளந்து வைத்த தூரம் அது, சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டே நடந்தார். போனார், வந்தார், போனார், வந்தார். பின்னாலேயே நானும் நடந்தேன். எதையோ மனதுக்குள் கணக்குப் போட்டார். அப்புறம் உள்ளே வந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்து, உன் பழைய மீட்டரில் ஒரு பச்சை, ப்ரஹ்லாதின் புது மீட்டரில் ஒரு பச்சை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். தேதிதான் அவர் சர்வீசில் இருந்த வருஷத்துத் தேதி. ப்ரஹ்லாத் அதைப் பார்த்தான், ஸ்டிக்கரோடேயே வாங்கிக்கொண்டு போனான்.

சரி, மனசு ஆறட்டும் என்று நான் பால் வாங்கப் போய்விட்டு வந்தேன். நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பைக்கு மேல், இடது பக்கம், சிவப்பு ஸ்டிக்கர். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒழுங்காக ஒட்டியிருந்தது. ‘மீட்டர் ரெண்டும் கரெக்டாத்தான் இருக்கு சரளா. ஃபால்ட் எங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன்’ என்றார். குரலில் அழுகை இல்லை, வேலை முடிந்தது என்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் பால் பாக்கெட் கையில் இருந்து நழுவிவிட்டது. என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று உரிக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார், நீ தொடக் கூடாது, செகண்ட் இன்ஸ்பெக்டர்தான் தொடணும் என்றார். யார் அந்த செகண்ட் இன்ஸ்பெக்டர் என்றேன். நரேஷ் சார் என்றார்.

நரேஷ் சார் கொரோனாவில் போய்விட்டார், நாம் மூவரும் ஃபோனில்தான் அந்த அடக்கத்தைப் பார்த்தோம். அதை அவரிடம் இன்னொரு தடவை சொல்லி இன்னொரு தடவை அழ வைக்க எனக்குத் தெம்பில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், நரேஷ் சார் வேறு டிபார்ட்மெண்டுக்குப் போய்விட்டார், இப்போது செகண்ட் இன்ஸ்பெக்டர் க்ளென்தான் என்றேன். ‘க்ளென் பாஸ் பண்ணிட்டானா?’ என்றார். பாஸ் பண்ணிவிட்டான் என்றேன். அப்படின்னா சரி, அவன் வரட்டும் என்றார். அன்றிலிருந்து சைக்கிளைக் கேட்பதில்லை, பம்பைத் தொடுவதில்லை. சட்டை மாற்றும்போது ஸ்டிக்கரைத் தானே பிய்யாமல் எடுத்து அடுத்த சட்டையில் ஒட்டிக்கொள்கிறார், பசை போய்விட்டதால் இப்போது ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். இன்று ஆராதனைக்கும் அதோடுதான் வந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை, ஏதோ சங்க பேட்ஜ் என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: மீட்டர் வாங்க வேண்டாம். அது கெட்டது என்று சொல்லவில்லை, உன் மனசும் எனக்குத் தெரியும், தூரத்தில் இருக்கிறவனுக்கு வாங்கி அனுப்புவதைத் தவிர வேறு என்ன தோன்றும். ஆனால் அது சைக்கிளைத்தான் பார்க்கும், அப்பாவைப் பார்க்காது. அவரைப் பார்க்க நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது க்ளென், களைப்பாகவும் இருக்கிறது, இதை எழுதிவிட்டேன், இனிமேல் மறைக்க மாட்டேன். லீவு கிடைக்காது, டிக்கெட் விலை, ரக்ஷிதாவின் வேலை எல்லாம் எனக்குத் தெரியும், சண்டைக்கு வரவில்லை. பாடகர் குழு கலைகிறது, அப்பா கதவருகில் வந்து நின்று எட்டிப் பார்க்கிறார், முடிக்கிறேன்.

ரக்ஷிதாவுக்கும் உனக்கும் ஆண்டவர் போகையிலும் வருகையிலும் துணையாக நிற்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி தயிர் சாப்பிடாதே, அவள் முதுகுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்து விடு. ஷ்ரேயாஸிடம் எதுவும் கொடுத்து அனுப்ப வேண்டாம், இங்கே பச்சை ரோலில் இன்னும் மிச்சம் இருக்கிறது. தினமும் காலையில் செகண்ட் இன்ஸ்பெக்டர் எப்ப வரார் என்று கேட்கிறார். அவர் கேட்பதை நிறுத்துகிறதுக்கு முன்னால் வா.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
சரளா கில்பர்ட்